மூன்று கம்பனிப் பெட்டி

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் டைப் அடித்த கொமினிகேஷன் கடையை மூடினார்கள். கடைசி நாள், இடி விழுந்து செத்துப்போய் மூலையில் கிடந்த கணினியைக் காட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் முதலாளி. ஆசைப்பட்டு எடுக்கவில்லை. வேறு வேலை தேடி அலைய உடம்பில் தெம்பில்லை. ஆசிரியர்களுக்கு வீட்டிலிருந்தே வினாத்தாள் அடித்துக் கொடுக்கலாமே என்று நினைத்து, ஓட்டோவில் ஏற்றி எங்கள் ஊர் நற்பிட்டிமுனைக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் நானும், நான் நானா என்று கூப்பிடும் என் அண்ணனும் மட்டும். கணவர் மவுத்தான பிறகு நான் நானாவோடுதான் இருக்கிறேன். நானா ஓட்டோ ஓடியவர். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணைப் பிடித்ததும் ஓட்டோவை விற்றுவிட்டார். அவர் மனைவி, என் மதினி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைகளில் வீடியோ அழைப்பு எடுப்பார். அந்தச் சின்னத் திரையில் நானாவுக்கு நிழல் மாதிரி ஏதோ அசைவதுதான் தெரியும். போனைக் காதில் வைத்துக்கொண்டே கதைப்பார். சிக்னல் சரியில்லை என்று காரணம் சொல்வார். கண் போவது தெரிந்தால் மதினி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று, யாரும் வாய் திறக்கக் கூடாது என்றிருந்தார்.

பெட்டியைத் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். பவர் சப்ளை எரிந்துவிட்டது, அந்தக் கம்பனியின் சாமான் இப்போது வருவதில்லை என்றார் கடைக்காரர். வேறு கம்பனியின் பவர் சப்ளை அவரிடம் இருந்தது. ஆனால் அதன் வயர் முனை இதற்குள் போகாது. இரண்டையும் பொருத்தும் வயர் கொழும்பிலிருந்து வரவேண்டும். எரிந்ததைக் கழற்றி வைத்துக்கொண்டு, வயர் வந்ததும் சொல்கிறேன் என்றார். காத்திருந்தேன். இடையில் நான் வழமையாக வினாத்தாள் அடித்துக் கொடுக்கும் டீச்சர் ஒருவர், தன் பழுதான கணினியிலிருந்து ரெம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றித் தந்தார். மொனிட்டரும் அவருடையதே, அது இன்னொரு கம்பனி. வெள்ளிக்கிழமைகளில் மதினியோடு பெரிய திரையில் கதைக்கலாம் என்று கெமராவை மட்டும் புதிதாக வாங்கினேன்.

வயர் வந்து, பவர் சப்ளையோடு வாங்கிவந்த அன்று பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். புது பவர் சப்ளை பெட்டிக்குள் அடங்கவில்லை. ஆணித் துளைகளும் ஒத்துவரவில்லை. அதை வெளியே ஒரு செங்கல்லின் மேல் வைத்தேன். பெட்டியின் முன்பக்க பட்டனும் உடைந்திருந்தது. அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டேன். நானா பட்டன் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த தகர டப்பாவை எடுத்துவரச் சொன்னார். ஓட்டோவை விற்பதற்கு முன் கழற்றி வைத்த பழைய ஹோர்ன் பட்டன் அதில் கிடந்தது. வயரின் நிறத்தை நான் பார்த்துச் சொல்ல, அவர் முறுக்கிக் கட்டினார்.

பட்டனை அமத்தினோம். கீச்சென்று சத்தம் மட்டும் வந்தது, திரையில் ஒன்றுமில்லை. ரெம்மைக் கழற்றித் துணியால் துடைத்துத் திரும்பப் போட்டேன். அப்போதும் அதே சத்தம். இனித் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். நானா பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினார். ரெம்மின் ஒரு முனை சரியாக இறங்கவில்லை என்று, 'டக்'கென்று கேட்கும்வரை அமத்தினார். மறுபடி பட்டனைத் தொட்டார்.

"சுத்துது புள்ள," என்றார். கீச்சுச் சத்தம் நின்று பெட்டியின் காற்றாடி மட்டும் ஓடுவது எனக்கு அதன் பிறகுதான் கேட்டது. திரையிலும் வெளிச்சம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த நானாவை மொனிட்டருக்கு முன்னால் உட்காரவைத்தேன். அழைப்பு வந்தது. மதினியின் முகம் திரை நிறைய வந்தது. நானா நாற்காலியை இழுத்து, இன்னும் இழுத்து, மூக்குத் திரையில் முட்டுமளவுக்குக் கிட்டப் போனார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மெலிஞ்சு போனாய் என்ன," என்றார்.

நானாவின் முகம் அங்கே மதினியின் போன் முழுக்கத் தெரிந்திருக்கும், அந்தக் கண்கள் எங்கே பார்க்கின்றன என்பதும் தெரிந்திருக்கும்.

"எவ்வளவு காலமா கண் தெரியல்ல?" என்று கேட்டார் மதினி.

நானா என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து கதவோரம் போனேன்.

"போன நோன்புக்கு முந்தி," என்றார் நானா.

மதினி சத்தம் போடவில்லை. என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையே கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வந்துவிடுவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் நானா கறுத்த திரைக்கு முன்னாலேயே இருந்தார். அவருக்குக் கோபமா ஆறுதலா என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வரிசையில் விடியவே போய் நின்றோம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். இப்போது லேசர் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி இறங்குகிறோம்.

மதினியின் ஒப்பந்தம் முடியப் பெருநாள் கழிய வேண்டுமாம். பெட்டி மதிய வெக்கையில் தானாக அணைந்துவிடும், பாதி அடித்த வினாத்தாளும் போய்விடும். திரும்பத் தொடங்குவேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நாற்காலியை நானாவுக்கு விட்டுவிட்டு உள்ளறைப் பாயில் சரிந்துவிடுவேன். அவர்கள் கதைத்து முடிப்பதற்குள் அநேகமாகத் தூங்கிப்போய்விடுகிறேன்.