இறங்கி வந்த மலை

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யார் மாட்டிக்கொண்டாலும், உச்சியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் படியேறிப் போய், மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றிப் பெட்டியை ஒரு தளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, ஆளைப் பத்திரமாக வெளியே விடுவார். கம்பெனியில் அவரைப் போல் கெட்டிக்காரர் கிடையாது. ஆனால் ‘முடியாது’ என்கிற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. சாப்பிட உட்காரும்போது கூப்பிட்டாலும் சரி, லீவு நாளில் கூப்பிட்டாலும் சரி, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் ஏணியை வாங்கிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. எங்கள் வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் அத்தான் அவரிடம் போய் அதே ஏணியை இரவல் கேட்டு வாங்கி வருவார், வேலை முடிந்ததும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தும் விடுவார். ‘நீங்க ஒரு தலையாட்டிப் பொம்மை அத்தான்’ என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் தலையாட்டிவிட்டுச் சிரித்தார்.

அக்கா வேலை பார்ப்பது ஒரு லாண்டரியில். அங்கே நான் வேன் ஓட்டுகிறேன், நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான இஸ்திரி ரோலருக்குள் விட்டு இந்தப் பக்கம் ஒருத்தி தள்ள, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து மடிக்க வேண்டும். மேலே தகரக் கூரை. ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து வெள்ளைத் துணியில் ஒட்டும் என்று அதையும் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில்கூட அக்காவின் கழுத்தில் வேர்க்குரு போகாது. வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த தரையில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்துக் கிடப்பாள். அப்போது யாரும் அவளிடம் பேசக் கூடாது.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, ஒருநாள் அப்படிப் படுத்துக்கொண்டே அத்தானிடம் சொன்னாள்:

“ஏங்க, எனக்கு ஒரு தடவையாவது நல்லாக் குளிரணும். வருஷக் கடைசி லீவுல மலைக்குப் போலாம். நீங்களும் நானும் மட்டும்.”

அந்த ‘மட்டும்’தான் விஷயம். அவர்கள் இருவர் மட்டும் எங்கேயும் போனதே இல்லை. கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போனபோதுகூட அத்தானின் தங்கை கூடவே போய் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் சந்தோஷமாகத் தலையாட்டினார். இந்த ஒரு தடவை அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்.

அக்கா இடம் பார்த்துவிட்டாள். மலை உச்சியில் இருக்கிற ஊர். விடியற்காலையில் புல் மேல் உறைபனி உப்புத் தூவினது போல் கிடக்குமாம். மரத்தாலான அறை, பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல். வருஷக் கடைசியில் தெருவெல்லாம் விளக்குச் சரம் கட்டி, முற்றத்தில் கட்டை அடுக்கித் தீ மூட்டி, சுற்றி உட்கார வைப்பார்களாம். லாண்டரிக்கு அது உயிர் போகிற சீசன், ஓட்டல்கள் நிரம்பி வழியும். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினாள். ஒரு ஸ்வெட்டர் எடுத்து, லாண்டரியின் புழுக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்து, கூட வேலை செய்கிறவர்கள் சிரித்ததற்குத் தானும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் நாத்தனார் போன் பண்ணினாள்.

“அண்ணா, எங்களை விட்டுட்டா போறீங்க?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எத்தனையோ பதில் இருக்கிறது. அத்தானுக்குத் தெரிந்தது ஒன்றுதான். “சேச்சே, நீங்களும் வாங்களேன்மா” என்றார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாத்தனார் வந்தால் அவள் புருஷனும் வருவார். வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு இளைப்பு, அவ்வளவு உயரம் ஏறினால் மூச்சு வாங்குமாம். அதனால் உச்சியில் இருக்கிற ஊர் வேண்டாம், பாதி மலையில் ஒரு ஊர் இருக்கிறதே அங்கே போகலாம் என்றார்கள். அங்கே உறைபனி கிடையாது, மூடுபனி உண்டு. “பரவாயில்ல, அதுவும் குளிர்தானே” என்றாள் அக்கா. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறவள்.

இரண்டு நாள் கழித்து நாத்தனாரின் மகளும் கைக்குழந்தையும் சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மலைப்பாதையின் வளைவுகள் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பாள். குழந்தைக்கோ சளி. ஆகவே வளைவு குறைந்த இடமாக, இன்னும் கொஞ்சம் கீழே. வெளிச்சாப்பாடு மாப்பிள்ளைக்கு ஆகாது, குழந்தைக்கு வெந்நீர் வேண்டும், அதனால் ஓட்டல் வேண்டாம், சமையலறையோடு ஒரு வீடு. ஒவ்வொரு போனுக்கும் அத்தான் தலையாட்டினார், ஒவ்வொரு தலையாட்டலுக்கும் மலை ஒரு மாடி கீழே இறங்கியது. கடைசியில் வந்து நின்ற இடம் அடிவாரத்தில், ஓர் அணைக்கட்டுப் பக்கம். அந்த வீட்டின் சொந்தக்காரரிடம் போனில் நான்தான் பேசினேன். “எல்லா ரூம்லயும் ஃபேன் இருக்குங்க, கவலையே படாதீங்க” என்றார் அந்தப் புண்ணியவான்.

அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

“அக்கா, பேசாம நீயும் நானும் மேல போயிட்டு வந்துரலாமா?” என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன்.

“உன்கூடப் போறதுக்காடா நான் ஆசைப்பட்டேன்?” என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். எதையும் தன் வீட்டுக் காரியம் போல் இழுத்துப்போட்டுச் செய்கிறவள், அடுத்தவர் காரியத்தையும் அப்படியே இழுத்துக்கொள்வாள், அதுதான் அவளிடம் தொல்லை. கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஏற்பாடுகளைச் சொல்ல ஆரம்பித்தாள். வாடகைக்கு எடுக்கிற வேனை அத்தானே ஓட்டிவிடலாம், டிரைவர் எதற்கு? இருப்பது இரண்டு அறை. ஆம்பிளைகள் ஒன்றில், பொம்பிளைகளும் குழந்தையும் இன்னொன்றில். ஜன்னலைத் திறக்கக் கூடாது, பிள்ளைக்குக் காற்றுப் படக் கூடாது.

“அண்ணி, உங்க பெரிய குக்கரை எடுத்துக்குங்க. என்னுதுல எல்லாருக்கும் பத்தாது.”

அக்கா அப்போது டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தம்ளரை அத்தான் கையில் கொடுத்துவிட்டு அவர் எதிரிலேயே நின்றாள்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள்.

குரலில் கோபமே இல்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மலைக்குப் போக முடியாமல் போனால்கூடப் பரவாயில்லை, எல்லார் முன்னாலும் அவர் ஒரு தடவை, ‘இல்ல, இது நாங்க ரெண்டு பேரும் போறதா இருந்தது’ என்று சொல்லியிருந்தால் அவள் குக்கரைத் தூக்கிக்கொண்டு பாதாளத்துக்கும் போயிருப்பாள். எனக்குத் தெரியும், அவள் என் அக்கா.

அத்தான் தம்ளரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். “எல்லாரும் சேர்ந்து போறதும் ஒரு சந்தோஷம்தானேம்மா” என்றார்.

“நான் வரலைங்க. லாண்டரியில ஆள் இல்லையாம், கூப்பிடுறாங்க. நீங்க எல்லாரும் நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

பச்சைப் பொய். ஆள் போட்டாகிவிட்டது, அது எனக்கே தெரியும். முதலில் வாய் திறந்தவள் நாத்தனார்தான்.

“அப்ப சமையலுக்கு?”

எல்லார் கண்ணும் அத்தான் மேல் திரும்பியது. அவர் எழுந்து ஏதோ சொல்லப்போகிறார் என்றே நான் நினைத்தேன். வாயைத் திறந்தார்.

“வேலைன்னா... என்ன பண்றது” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எல்லாரும் போன பிறகு மாடிப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“வாயில என்ன பூட்டா போட்டிருந்துச்சு அத்தான்? வராதீங்கன்னு சொல்ல வேணாம். நானும் போகலன்னாவது சொல்லக் கூடாதா?”

“சொல்லணும்னுதான்டா வாயைத் தொறந்தேன்.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. போனைப் போட்டுச் சொல்லுங்க.”

“வேன் யாருடா ஓட்டுவாங்க? பச்சப் புள்ளயை வச்சுக்கிட்டு அவங்க எங்க போவாங்க?” படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். “ஊர்ல எவன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாலும் நான் போய் வெளிய விடுறேன். இப்ப நானே உள்ள நிக்கிறேன்டா. எந்தப் பட்டனை அமுக்குறதுன்னு தெரியல.”

பேச்சு அழகாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அதனால் காலணாப் பிரயோஜனம் இல்லை. நாலு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறவரை என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

போனார். குக்கரையும் கொண்டுபோனார்.

அவர்கள் போன மறுநாள் எதிர்பாராமல் வானிலை மாறியது, மலைப் பக்கம் அடிவாரம் வரைக்கும் மழையும் குளிர்காற்றும் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் ஊரில் சும்மா மேகமூட்டம்தான், புழுக்கம் இன்னும் அதிகமானது. மத்தியானம் நான் அழுக்கு மூட்டைகளை இறக்கிவிட்டு உள்ளே போனபோது அக்காவின் போன் அடித்தது. இரண்டு கையும் விரிப்பில் இருந்ததால், மடித்து வைத்த தலையணை உறைகளின் மேல் போனைச் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டாள். ரோலரின் இரைச்சலுக்கு மேலே அத்தான் குரல் வந்தது. பின்னால் காற்று ஊளையிட்டது.

“இங்க ஒ... ஒண்ணும் குளிரே இல்லம்மா. நம்ம ஊர் மா... மாதிரிதான். நீ வந்திருந்தா ஏ... ஏமாந்துதான் போயிருப்ப.”

பல் தந்தியடித்தது அவருக்கு. அவளுக்காக அவர் துணிந்து சொன்ன முதல் பொய்யாக இருக்கும், அதையாவது ஒழுங்காகச் சொல்ல விட்டதா அந்தக் குளிர்?

எதிர்ப்பக்கம் துணி பிடிக்கிறவளிடம் கையைக் காட்டிவிட்டு அக்கா ரோலரை நிறுத்தினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்படியா? நல்லவேளை, நான் வரல” என்றாள்.

“சரிம்மா, வச்... வச்சிரட்டுமா?”

“வைக்காதீங்க. ஏதாவது பேசிட்டே இருங்க.”

“என்ன பேசுறது?”

“எதையாவது பேசுங்க.”

அவர் அணையைப் பற்றி, குழந்தையைப் பற்றி, சரியாக வேகாத சோற்றைப் பற்றி உளறிக்கொண்டே போனார். அக்கா தலையணை உறைகளின் மேல் குனிந்து, வியர்வை வழிகிற கன்னத்தைப் போனில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.