வெள்ளிக்கிழமை வராத வலிப்பு

என் மனைவிக்கு வலிப்பு நோய். மூன்று மாத்திரைகள் மாற்றியும் அடங்காததால், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். என் வேலை ஒரு நோட்டு. வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று அதில் எழுத வேண்டும். நோட்டை நம்ப முடியாவிட்டால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் இருபது வருடமாக மெஷின் சத்தத்தில் நிற்பவன் நான். பேச்செல்லாம் மனைவியின் இலாகா.

நோட்டு வந்த அன்றே அதன் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, எனக்கு ஒரு சட்டமும் போட்டாள் அவள்.

"வெள்ளிக்கெழம வெளக்கேத்துற ஊட்ல குந்திக்கினு ஃபிட்ஸுன்னு எழுதாதய்யா. சனிக்கெழம எழுதிக்கோ."

ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்ததை மறுநாள் கட்டத்தில் எழுதினேன். மறந்துவிடக் கூடாதே என்று, வெளியே தனியாக இருக்கும் பாத்ரூம் கதவின் உட்புறம் தேதியையும் நேரத்தையும் சாக்பீஸால் குறித்துவைத்தேன். அங்கே யாரும் விளக்கேற்றுவதில்லை.

மருந்து கேட்டது. வலிப்பு குறைந்து, பல மாதங்களுக்குப் பிறகு அவள் அடுப்படியில் தனியாக நின்று சமைத்தாள்.

மூன்றாவது முறை போனபோது டாக்டரம்மா நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். வெள்ளிக்கிழமை ஒன்றுகூட இல்லை, சனிக்கிழமை மட்டும் இரட்டிப்பு. அந்த இரண்டு நாளும் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஆர்வமாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது, சனிக்கிழமை பழவேற்காட்டு இறால் என்றாள் மனைவி பெருமையாக. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் இறாலை ஏற்றினார். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.

மேஜைக்குக் கீழே மனைவி என் காலை மிதித்தாள். வாயைத் திற என்கிறாளா, திறக்காதே என்கிறாளா தெரியவில்லை. சொன்னால் மருந்து போய்விடும். சொல்லாவிட்டால், நாளைக்கு மருந்துப் பெட்டியில் இறால் சாப்பிடக் கூடாது என்று அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிவிடுவார்கள்.

"அது இறால் இல்ல மேடம்," என்றேன். "நான்தான்."

மீதியைத் தரையைப் பார்த்தபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இப்படி எழுதினால் மருந்து வேலை செய்கிறதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். சரியான தேதிக்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்றும் கேட்டார். பாத்ரூம் கதவு என்றேன். மனைவி உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"இன்னா ஏதுன்னு கேக்காதக்கா. எங்க பாத்ரூமுக்குள்ள போய் கதவ போட்டோ புடிச்சி அனுப்பு."

படம் வந்தது. தேதியும் நேரமும் தெளிவாக இருந்தன. பக்கத்தில் ஆணியில் என் லுங்கியும் தொங்கியது. டாக்டரம்மா அதைப் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, தப்பான வரிகளை ஒவ்வொன்றாக அடித்து, திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். மருந்து நிற்கவில்லை. என் லுங்கி ஆராய்ச்சி ஃபைலில் சேர்ந்தது.

அதன்பின் நோட்டைக் கயிறு கட்டிப் பாத்ரூம் கதவிலேயே தொங்கவிட்டேன். மனைவியின் சட்டத்துக்கும் பங்கமில்லை.

அடுத்த மாதம் டாக்டரம்மா நேராக வெள்ளிக்கிழமைக் கட்டங்களைத்தான் பார்த்தார். எல்லாம் காலி. மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நெஜமாவே வர்ல மேடம்," என்றேன்.

அவர் கையை நீட்டினார். காலையிலேயே எடுத்துவைத்திருந்த போட்டோவைக் காட்டினேன். சாக்பீஸ் குறி ஒன்றுகூட இல்லாத வெறும் கதவு. லுங்கியை முதலிலேயே எடுத்துவிட்டிருந்தேன்.