தேசிக்காய்ச் சாடியில் என் கை

மாமியின் வீட்டுக் கிணற்றடியில் மூன்று தேசிமரங்கள், அதுதான் எலுமிச்சை, நின்றன. குளிக்கிற தண்ணீர் வழிந்து போகிற வாய்க்காலை அவர் அந்த மரங்களின் அடிக்குத் திருப்பிவிட்டிருந்தார். ஆட்டுப்புழுக்கை, அடுப்புச் சாம்பல், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அவற்றுக்குத்தான். இலையில் புழு ஏறினால் குசினி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் விரலாலேயே எடுத்து நசுக்குவார். எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து கிடந்தபோது அவர் அப்படி ஓடி வந்ததாக ஞாபகமில்லை.

மல்லாவிப் பக்கத்தில், குளத்து நீரில் வயல் செய்கிற குடியேற்றம் அது. மாமியின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர். நான் நாயாற்றுக் கடற்கரைக்காரி. அப்பா சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு மல்லாவிச் சந்தைக்கு வருவார். கூட வந்து குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த என்னைப் பார்ப்பதற்காகவே மாமியின் மகன் வாரம் தவறாமல் கருவாடு வாங்கினார். கடைசியில் என்னையே கட்டிக்கொண்டு போனார். நான் மாதா படத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டேன். மாமிக்கு அது போதவில்லை. "எத்தினை தரம் குளிச்சாலும் அந்த மணம் போகாது" என்பார், எனக்குச் சோறு போட்டபடியே.

போர்த் தடையால் வன்னிக்குள் சாமான் வருவது பெரும் பாடாக இருந்த காலம். சீனியைக் கண்டால் பிள்ளைகள் கைதட்டும். வயல் இருந்ததால் எங்களுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. சோற்றோடு சேர்த்துக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. அதனால் மாமியின் தேசிக்காய் ஊறுகாய்க்கு ஊரெல்லாம் மதிப்பு. காயை நாலாகப் பிளப்பார், ஆனால் அடியில் ஒட்டியிருக்கும். நடுவில் உப்பை அடைத்து மண் சாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார். சாறு ஊறியதும் பகலில் பாயில் பரப்பிக் காயவிட்டு, பொழுதுபட அதே சாற்றுக்குள் திரும்பப் போடுவார். தோல் மண்ணிறமாகிச் சுருங்கும்வரை இது நடக்கும். பிறகு இடித்த மிளகாய்த்தூள். ஒரு சாடி வருடம் முழுக்கக் கெடாமல் இருக்கும்.

இருக்கும், ஆனால் ஒரு நிபந்தனை. துடக்குக்காரி அதன் பக்கம் போகக் கூடாது. மாதவிலக்கு வந்த பெண் தேசிமரத்துக்குக் கிட்டப் போனால் பூ கொட்டும், சாடியைத் தொட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது மாமியின் வேதம். ஆகவே மாதாமாதம் நான் வளவின் மூலையிலுள்ள கொட்டிலுக்குப் போக வேண்டும். கொட்டில் இருந்ததோ கிணற்றுக்குப் போகிற பாதையோரம். தண்ணீர் அள்ள வருகிற பெண்கள் எல்லோரும் என்னைக் கண்டுகொண்டு போவார்கள். எங்கள் கரையில் இப்படிப் பார்த்திருந்தால் பிடித்த மீன் எல்லாம் நாறிப் போயிருக்கும். அங்கே எந்தப் பெண்ணும் எந்த நாளிலும் மீனுக்கு உப்புப் போடுவாள், யாரும் கேட்கமாட்டார்கள்.

கொட்டிலில் இருப்பது எனக்குப் பெரிய வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால், மாமியின் வாயிலிருந்து கொஞ்சம் ஓய்வு. ஆனால் நான் அங்கே குந்தியிருப்பதைக் கண்டால் ஊருக்கு ஒரு செய்தி போகும்: இந்த மாதமும் இவளுக்குப் பிள்ளை இல்லை. மாமி கிணற்றடியில் நின்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்லுவார்: "ஓம், இந்த முறையும் உள்ளுக்கைதான் இருக்கிறா, மகாராணி."

கல்யாணமாகி மூன்றாவது வருடம் மரங்கள் கிளை தாழக் காய்த்தன. முதல் கூடை பறித்த அன்றே மாமி என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"இந்த ஊறுகாய் போட்டு முடியட்டும். அதுக்குள்ளையும் ஒண்டுமில்லையெண்டால் நீ நாயாற்றுக்குக் கொப்பர்ட்டைப் போ. என்ரை தமையன்ரை மகள் இடம்பெயர்ந்து வந்து ஸ்கந்தபுரத்திலை நிக்கிறாள். இவனுக்கு அவளைக் கதைச்சிட்டன்."

என்னுடைய கணவர் வாசலில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பிடியை இன்னும் நன்றாகத் தட்டினார்.

காய் வெட்டுகிற வாரம் எனக்குத் துடக்கு வந்துவிட்டது. விடியப்புறம் எழும்பியபோதே தெரிந்துவிட்டது. கணவரை எழுப்பிச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "சொல்லாதை. அம்மாட்டைச் சொல்லாதை. அடுத்த மாதம் எல்லாம் சரிவரும்" என்றார். எழுந்து போய்க் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்து வீட்டுக்குப் பின்னால் வைக்கோற்போர் மறைவில் வைத்தார். நான் சீலைத் துணியை அலசும்வரை காவல் நின்றார். அந்த மூன்று வருடத்தில் அவர் எனக்காகச் செய்த ஒரே துணிச்சலான காரியம் அது. எனக்குக் கண் கலங்கியது. இவருக்காக இந்த வீட்டில் இன்னும் நூறு வசவு வாங்கலாம் என்று நினைத்தேன்.

அன்று காலை நான் கொட்டிலுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மாமியின் விரல்கள் எதையோ கணக்குப் பார்ப்பதைக் கண்டேன். மூன்றாம் நாள் அவருடைய குரலே மாறிவிட்டது. "பிள்ளை, வெயிலுக்கை நிக்காதை. இஞ்சை நிழலிலை இருந்து இந்தக் காயைப் பிள" என்றார். பிளந்தேன். உப்பு அடைக்கச் சொன்னார். அடைத்தேன். சாடிக்குள் கைவிட்டு அமத்தச் சொன்னார். முழங்கைவரை விட்டு அமத்தினேன். தேசிமுள் கீறின கையில் உப்பும் புளியும் பட்டுத் தீயாய் எரிந்தது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். பிடி பூஞ்சணம், நன்றாகப் பிடி என்று சாடியிடம் சொல்லிக்கொண்டே அமத்தினேன்.

பூஞ்சணம் பிடிக்கவில்லை. அந்த வருடத்து ஊறுகாயைப் போல முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று ஊர் சொன்னது. மாமி கோயில் அன்னதானத்துக்கு ஒரு சாடி கொடுத்தார். "மருமகளின்ரை கைராசி" என்று கிணற்றடியில் அதே குரலில், அதே இடத்தில் நின்று சொன்னார். முட்டை பொரித்தால் எனக்கு வைத்தார். புளிப்புக்கு ஆசையாய் இருக்கும் என்று ஊறின காய் ஒன்றை எடுத்து என் வாயிலேயே ஊட்டினார். நான் சப்பி விழுங்கினேன். இரண்டாம் மாதமும் வைக்கோற்போர் மறைவில் வாளி வந்தது. அப்போது கணவர் காவல் நிற்கவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எத்தனை நாளைக்கு இப்படி வயிற்றில் இல்லாததைச் சுமக்கப் போகிறேன் என்று பயந்து பயந்து செத்தேன்.

ஒருநாள் பக்கத்து வளவுப் பெண் வேலியடிக்கு வந்தாள். என்னைவிட இளையவள். கையில் ஒரு கிண்ணம். பிள்ளைக்குக் காய்ச்சல், கஞ்சியோடு கொடுக்க ஒரு துண்டு ஊறுகாய் வேண்டும் என்றாள். மாமி முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தி, "துடக்குக் கழிஞ்சு தலை முழுகிட்டியோ?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் இல்லை என்றாள்.

மாமி என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அவளை அங்காலை தள்ளி நிக்கச் சொல்லு. காத்துப் பட்டாலே சாடி பழுதாப் போகும்."

அவரே சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேனோ தெரியாது. என்னைக் கொண்டு சொல்லவைக்கப் பார்த்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணில் இரக்கம் என்று பெருமையடிக்கமாட்டேன். எனக்கு வந்தது கோபம்.

"அந்தச் சாடியை அமத்தினது நான்தானே மாமி. அப்ப எனக்கும் துடக்குத்தான்" என்றேன்.

மாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சுளகு கையிலிருந்து நழுவி நெல் கொட்டுண்டது. "கோயிலுக்கும் குடுத்தனானே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே ஓடிச் சாடிகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தார். வயதான மனிசிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. எருக்கும்பிக்குள் கவிழ்த்துக் கொட்டினார். வேலியடியில் நின்றவள், "ஐயோ மாமி, கொட்டாதேங்கோ, எனக்குத் தாங்கோ, நான் தின்னுவன்" என்று கத்தினாள். மாமி மண்வெட்டியை எடுத்து எருவோடு சேர்த்துக் கிளறினார். கடைசிச் சாடியும் கொட்டி முடிந்த பிறகுதான் அவருக்கு மற்றது பிடிபட்டது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"அப்ப?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அழவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கொட்டுண்ட நெல்லைச் சுளகில் அள்ளத் தொடங்கினேன்.

கணவர் வயலால் வந்தபோது முற்றமெல்லாம் தேசிக்காய் மணம். மாமி இருந்த இடத்திலேயே இருந்து கேட்டார்: "தம்பி, இவளுக்கு வயித்திலை ஒண்டுமில்லையாம். துடக்கோடை சாடிக்கை கை வைச்சவளாம். உனக்குத் தெரியுமோ?"

நான் அவரைப் பார்த்தேன். ஓம் என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் மாமி எங்கள் இரண்டு பேரையும் வீட்டை விட்டுக் கலைத்திருப்பார். இரண்டு பேராக நாயாற்றுக்குப் போயிருப்போம்.

"எனக்கொண்டும் தெரியாதம்மா" என்றார். "இவள் எனக்கும் பொய்தான் சொன்னவள்."

"சீலை அலசத் தண்ணி அள்ளித் தந்தது ஆர்?" என்று கேட்டேன். பக்கத்து வளவுக்கும் கேட்கத்தான் கேட்டேன். "வைக்கலுக்குப் பின்னாலை காவல் நிண்டது ஆர்?"

ஆம்பிளை ஒருவன் துடக்குச் சீலைக்குத் தண்ணீர் சுமந்தான் என்பதை அந்தக் குடியேற்றத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் முகம் கறுத்தது. வந்து என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்மேல் கை வைத்ததில்லை. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியபோது மாமி தடுத்தார். கத்தவில்லை. அந்நியர் வீட்டு மாடு பயிருக்குள் வந்தால் அதை அடிக்க ஓடுகிற பிள்ளைகளைத் தடுப்பாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"அடியாதை தம்பி. ஆற்றையோ பிள்ளை. நாளைக்கு நாங்கள் பதில் சொல்லேலாது."

மூன்று வருடமாக என்னை நாறல் என்றார், மலடி என்றார், எல்லாவற்றுக்கும் நான் திருப்பிக் கதைத்திருக்கிறேன். அதெல்லாம் மருமகளுக்கு விழுந்த வசவு; இப்போது நான் ஆரோ பெற்ற பிள்ளை. கணவர் ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் உள்ளே போய் என் பெட்டியை எடுத்தேன்.