இனிப்பின் ஊர்க்காரர்

பயணி இறங்கியதும் அர்ஜுனன் ஆட்டோவை அணைத்துவிடுவார். சீட்டுக்கடியிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து, நெல்லிக்காய் அளவு கேழ்வரகு உருண்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். "சாப்ட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க." வெள்ளைக்காரர்கள் என்றால், "ஈட். ஒன் வேர்டு." பிறகு அவர்கள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். தாடை எங்கே நிதானிக்கிறது, புருவம் எப்போது ஏறுகிறது, எதுவும் தப்பாது.

"குட்" என்று சொன்னால் அவருக்குப் போதாது. "அது மரியாதைக்குச் சொல்றதுங்க. நாக்கு இன்னா சொல்லுது?"

செங்கம் சாலையில் நான் வேலை பார்க்கும் புத்தகக் கடைக்கு எதிரில்தான் அவருடைய ஸ்டாண்டு. நான் பேச்சில் கம்மி. இரண்டு வருடமாகக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயது, அடி அண்ணாமலைக்காரர். காக்கிச் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. அதில் தின்றவர்கள் சொன்னதெல்லாம் தமிழ் எழுத்தில் வரிசையாக: எர்த்தி, நட்டி, லைக் மை மதர்ஸ். "இது மூணு வார்த்தை. அழுதுகினே சொன்னாங்க, அதான் விட்டுட்டேன்."

டீக்கடையில், "அண்ணே, சக்கரை?" என்று கேட்டால், "உன் இஷ்டம்" என்பார். யாருக்கும் தொந்தரவு தராத மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

உருண்டை பிடிப்பது அவர் மனைவி மதிவதனி. வெல்லம் பேருக்குத்தான். முதலில் அடித்த லேபிளில் 'ஸ்வீட்' என்று இருந்தது. சர்க்கரை நோயாளிகள் தொடவில்லை. இனிப்புக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். பக்கத்துக் கபேக்கார அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: பௌர்ணமிக்குள் சரியான வார்த்தையோடு வந்தால் அலமாரியில் இடம், இல்லையென்றால் கிடையாது. மதிவதனிக்கு விற்க இருந்த ஒரே இடம் அந்த அலமாரிதான்.

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஓர் அயர்லாந்துக் கிழவி வெகுநேரம் மென்றுவிட்டு, "ஸ்வீட்டிஷ்" என்றார். அர்ஜுனன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார்.

"தம்பி, இன்னாப்பா அர்த்தம் அது?"

"லேசான இனிப்புண்ணா."

"அது தெரியும். எங்கேருந்து வந்துச்சு?"

தடித்த அகராதியை இறக்கினேன். 'ஸ்வீட்'டுக்கும் இனிப்பைக் குறிக்கும் சமஸ்கிருத 'சுவாது'வுக்கும் ஒரே வேர். வாலில் இருக்கும் 'இஷ்', ஆதியில் ஆட்களுக்குப் போட்டது: இன்ன நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு. இங்கிலீஷ், ஐரிஷ் என்பதில் இருப்பதும் அதுதான். பிற்பாடு 'ரெட்டிஷ்' என்று நிறத்துக்கு வந்து, சுவைக்கும் வந்திருக்கிறது.

அர்ஜுனன் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்போ இது இனிப்பே கிடையாது. இனிப்போட ஊர்க்காரன். பஸ்ஸு ஏறி வந்துட்டான், ஊர் வாசனை மட்டும் ஒட்டிகினு இருக்குது."

கவிதைத் தொகுப்புகளாகப் படித்துத் தள்ளுகிறேன். ஒரு சொல்லுக்காக இப்படி நடுரோட்டில் காத்துக் கிடந்தவரை அதுவரை பார்த்ததில்லை.

'ஸ்வீட்டிஷ்' என்று புது லேபிள் ஒட்டிய முதல் பாக்கெட்டை எனக்குத்தான் கொண்டுவந்தார். தின்றேன். முதலில் வறுத்த மாவின் மணம், அப்புறம் வேர்க்கடலை. விழுங்கிய பிறகு, தொண்டைக்குப் பக்கத்தில், தாமதமாக ஒரு தித்திப்பு.

"சரியா இருக்குதா?"

"சரியா இருக்குதுண்ணா."

"நாக்கு சொல்லுதா, நீ சொல்றியா?"

"நாக்குதாண்ணா."

அவரும் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல மெல்ல, ஆள்காட்டி விரல் லேபிளில் அந்த வார்த்தையின் மேல், எழுத்து எழுத்தாக நகர்ந்தது. கடைசி எழுத்தில் விரல் நின்றதும் தலையை ஆட்டினார்.

பௌர்ணமி முடிந்த மறுவாரம், கபேயில் பாக்கெட் அடுக்கிவிட்டு மதிவதனி எங்கள் கடைக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். "அண்ணன் ரசிச்சு சாப்ட்டாரு, அக்கா" என்றேன்.

சொம்பைக் கீழே வைத்தார். "கொரோனா வந்ததுலேருந்து அவருக்கு நாக்குல ருசியே கிடையாதுப்பா. நான் உருண்டை பிடிக்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்."