ஜாம்பேசியில் மரம் ஏறியது

ஜாம்பியாவிலிருந்து அண்ணன் எழுதிய ஏர் லெட்டரில் 'ராஃப்ட்' என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அண்ணன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த எண்பதுகளில் பி.எட். முடித்தவர்கள் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் இருவராக ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அவன் கடிதத்தில் மக்காச்சோள மாவு, பள்ளிக்கூடத்துப் பையன்கள், அம்மாவின் முட்டிவலி இவைதான் இருக்கும். இந்தக் கடிதம் வேறு மாதிரி. விக்டோரியா அருவிக்குக் கீழே ஜாம்பேசி ஆறு ஒரு பெரிய பிளவுக்குள் விழுந்து, வளைந்து வளைந்து ஓடுகிறதாம். இரண்டு பக்கமும் கரும்பாறைச் சுவர். காற்றடைத்த ரப்பர் ராஃப்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அந்த நுரைத் தண்ணீரில் இறங்குகிறார்களாம். பாறையில் மோதித் தண்ணீர் கொந்தளிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருக்கிறதாம். 'ஐந்தாம் நம்பரில் கவிழ்ந்தோம். தண்ணீருக்கு அடியில் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. வெளியே வந்ததும் சிரித்தேன் பார், ஜென்மத்தில் அப்படிச் சிரித்ததில்லை.' கடைசி வரி: 'இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.'

நான் படித்துக் காட்டவில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சரில் தினமும் எனக்கு நானே படித்துக்கொண்டேன். விழுப்புரத்தில் கல்லூரியில் கடைசி வருஷம். எனக்குத் தெரிந்த ஆறு தென்பெண்ணைதான். அதில் மழை முடிந்தால் மணல்தான் ஓடும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ரயில் ஆடும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'இது மூணாம் நம்பர், இது நாலாம் நம்பர்' என்று மனதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஆறு வேண்டும். வேறு எதுவும் அந்த வயதில் அவ்வளவு வேண்டியதாக இருக்கவில்லை.

கடிதத்தை நான் காட்டிய ஒரே ஆள் என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழி. பொம்மையார்பாளையத்துப் பெண். அவள் அப்பா கடலில் மீன் பிடிப்பவர். விழுப்புரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். இரண்டு பேரும் கல்லூரி நூலகத்தில் அகராதியைப் பிரித்தோம். ராஃப்ட்: தெப்பம், மிதவை, கட்டுமரம்.

"ஐய, நம்ம மரம்டி!" என்றாள் அவள். அவர்கள் ஊரில் கட்டுமரத்தை வெறும் மரம் என்றுதான் சொல்வார்கள். மீன் பிடிக்கப் போவது 'மரம் ஏறுவது.' ஆங்கில அகராதியையும் புரட்டினோம். அதில் 'கட்டமரான்' என்று ஒரு சொல், தமிழிலிருந்து வந்தது என்ற குறிப்போடு இருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, எங்கப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கப்பன் மரம் இங்கிலீஷுக்கே போய்க் குந்திக்கினு இருக்குது."

அன்று முதல் பாடம் ஆரம்பித்தது. ஹாஸ்டல் கட்டிலில் தலையணையை மடித்துப் போட்டு அதன்மேல் என்னை உட்கார வைப்பாள். அலை வரும்போது பின்னால் சாய்ந்தால் மரம் கவிழ்ந்துவிடும், அலையின் மேலேயே விழ வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, பிடிக்க மட்டும்தான் வேண்டும்.

"தண்ணில விழுந்துட்டா?" என்பேன்.

"சண்ட போடாத. மல்லாக்கப் படு. காலு முன்னாடி இருக்கட்டும், மண்ட பின்னாடி. அதுக்கு வேணும்ங்கற வரைக்கும் இழுத்துக்கினு போயிட்டு அதுவே உட்டுடும்."

"நீ போயிருக்கியா?"

"எங்க ஊர்ல பொம்பளைங்க மரம் ஏறக் கூடாதுடி. கரையில கவுத்துப் போட்ட மரத்து மேல குந்தினாலே அடி விழும். எல்லாம் அப்பா சொன்னது." தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "நீ அங்க போனியின்னா என்னையும் கூப்புடுவியா?" என்றாள்.

"கூப்புடாம?" என்றேன். அதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. சொல்வதற்கு என்ன.

கல்யாணம் ஆகாத பெண்ணைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி அனுப்ப அப்பா சம்மதிக்க மாட்டார். அதற்கு ஒரு வழியையும் அண்ணனே திறந்தான். அவனோடு வேலை பார்க்கும் இன்னொரு வாத்தியார், வல்லத்துக்காரர், நிலம் உள்ள குடும்பம், லீவில் பெண் பார்க்க வருகிறார் என்று எழுதினான். ஜாதகம் பொருந்தியது. நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன்.

தோழி சிரித்தாள். "மாப்ளயக் கட்டிக்கப் போறியா, ஆத்தக் கட்டிக்கப் போறியா?"

பெண் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை அவளைத் திண்டிவனத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். புதுச்சேரியிலிருந்து கிளியனூர் வழியாக வரும் பஸ்ஸில், மடியில் கனகாம்பரப் பொட்டலத்தோடு வந்தாள். தலை பின்னிவிட்டாள். சமையலறையில் அம்மாவுக்கு பஜ்ஜி போட உதவினாள்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் தாய்மாமனே பேசினார். எங்கள் நிலத்தில் மல்லாட்டை எத்தனை மூட்டை கண்டது, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று அப்பாவை விசாரித்து முடித்த பிறகு, மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்தார். அண்ணன் கொடுத்தனுப்பியது. படம் கைமாறி என்னிடம் வந்தது. வெள்ளையாகப் பொங்குகிற தண்ணீர், நடுவில் ஒரு மஞ்சள் ராஃப்ட், அதில் தலைக்கவசமும் ஆரஞ்சுச் சட்டையுமாக அண்ணன், வாயைப் பிளந்துகொண்டு.

தாய்மாமன் அதை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இன்னா மாப்ள இது? லாரி டியூபு மேல குந்திக்கினு இருக்காங்க?"

"ராஃப்டு மாமா."

"அப்டின்னா?"

மாப்பிள்ளை விழித்தார். தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிய நான் தலையை நிமிர்த்தினேன். எனக்குத் தெரிந்த பதில்! கேட்காமலே வாயிலிருந்து விழுந்தது: "கட்டுமரம்ங்க! ரப்பர்ல செஞ்ச கட்டுமரம்!"

தாய்மாமன் படத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "கட்டுமரமா?" அப்பா பக்கம் திரும்பினார். "வாத்தியார் வேலைன்னுதான சொன்னீங்க? அங்க போயி மீன் புடிக்கறவன் தொழில் பண்ணிக்கினு இருக்காரா உங்க புள்ள? நாங்க நெலம் வெச்சி மானமா பொழைக்கறவங்க. நாளைக்கு வல்லத்துல நாலு பேரு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

அப்பா வாயைத் திறந்து மூடினார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைச் சரி செய்து எழுந்திருக்கப் பார்த்தார். ஆறு என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சமையலறைக் கதவு என் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் இருந்தது, அதன் பின்னால் நிற்பது யார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"ஐயோ, அந்தக் கட்டுமரம் இல்லீங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன். இது வெள்ளக்காரங்க ஆட்டம். படிச்சவங்க, காசு இருக்கறவங்க ஆடறது. மீன்காரங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அந்த நாத்தத்துல எங்க அண்ணன் போயி ஏறுவாராங்க?"

நாற்றம் என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குள் இருந்துதான் வந்தது. தேடக்கூட வேண்டியிருக்கவில்லை.

தாய்மாமன் முகம் தெளிந்தது. "ஆட்டமா? அத மொதல்லயே சொல்றது!" என்று பஜ்ஜியைப் பார்த்தார். அப்போது தோழி காபித் தட்டோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவருக்கும் குனிந்து கொடுத்தாள். தாய்மாமன் டம்ளரை எடுத்துக்கொண்டே, "இது யாரு, சொந்தமா?" என்றார்.

அம்மா அவசரமாக முந்திக்கொண்டாள். "கூடப் படிக்கற பொண்ணுங்க. புதுச்சேரி. அவங்க அப்பா வாத்தியாரு. இல்லடி?" என்று என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றேன்.

"வாத்தியார் ஊட்டுப் பொண்ணா? அதான் மரியாத தெரியுது. எந்தப் பள்ளிக்கூடம்மா?"

தோழி தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். "எங்கப்பாவா? பெரிய பள்ளிக்கூடம்ங்க. இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்குக் கண்ணு எட்டாது. விடியறதுக்கு முந்தியே கிளாஸ் தொடங்கிடும். ஆயிரக்கணக்குல படிக்கறாங்க. வாயத் தொறந்து தொறந்து மூடுவாங்க, ஒரு சத்தம் வராது."

"அப்பிடி இருக்கணும் கண்டிப்பு!" என்றார் தாய்மாமன் தொடையைத் தட்டி. "இப்ப எங்க அந்த மாதிரி வாத்தியாருங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

மறு வாரமே தட்டு மாற்றுவது என்று முடிவானது. வெயில் தாழ்ந்ததும் அவளைப் பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழி நெடுக நான்தான் பேசினேன். பாஸ்போர்ட்டுக்கு யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை நாளாகும் என்று.

"வேற வழி இல்லடி," என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"அந்த ஆளு எழுந்து போயிருந்தா எல்லாம் போச்சு. உனக்கே தெரியும்."

"பேஜாரு பண்ணாதடி. பஸ்ஸு வந்துடுச்சு பாரு."

ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள். "விழுந்தியின்னா மல்லாக்கப் படு. காலு முன்னாடி. மறந்துடாத. யாருனா கேட்டா வெள்ளக்காரன் சொல்லிக் குடுத்தான்னு சொல்லிக்க."

அதற்குப் பிறகு கல்லூரி முடிய ஒன்றரை மாதம் இருந்தது. சண்டை போடவில்லை. கேட்டால் நோட்டு கொடுத்தாள். ஆனால் பெஞ்ச் மாறி உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகையின் உறையில் அவள் பெயரை எழுதிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வரவில்லை.

ஆற்றை நான் பார்த்தேன். அண்ணன் சொன்னது எதுவும் பொய்யில்லை. காலையில் பிளவின் விளிம்பிலிருந்து பாறைப் படிகளில் கீழே இறங்கினோம். கணவர் விளிம்பிலேயே நின்றுகொண்டார். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம், அது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். ராஃப்டில் அண்ணன், நான், ஐந்து வெள்ளைக்காரர்கள், பின்னால் துடுப்போடு வழிகாட்டி. அவனும் வெள்ளைக்காரன்தான். கிளம்புவதற்கு முன் எங்களை மணலில் நிறுத்திப் பாடம் நடத்தினான். அலை வந்தால் பின்னால் சாயாதீர்கள், அதன் மேல் விழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். விழுந்தால் தண்ணீரோடு போராடாதீர்கள். மல்லாந்து படுங்கள், கால் முன்னால்.

ஒன்றுகூட விடவில்லை. வரிசைகூட மாறவில்லை.

ஐந்தாம் நம்பரில் ராஃப்ட் நிமிர்ந்து நின்றது. எதிரே தண்ணீர் வீட்டுச் சுவர் மாதிரி எழுந்தது. அதன் மேல் விழுந்தேன், ஆனாலும் தூக்கி எறிந்தது. உள்ளே பச்சை, பிறகு கறுப்பு, காதுக்குள் ரயில் ஓடுகிற சத்தம். மல்லாந்தேன். கால் முன்னால். ஒரு பாறை என் செருப்பில் மோதி விலகியது. அங்கே தலை இருந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. அதற்கு வேண்டும் என்கிற வரை இழுத்துக்கொண்டு போய்விட்டு அதுவே விட்டது. மேலே வந்தபோது அண்ணன் சிரித்துக்கொண்டே கை நீட்டினான். அவன் எழுதியபடி எனக்குச் சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அந்த ஒரு பகலுக்குத்தான் அவ்வளவும்.

மாலையில் நாங்கள் வெறுங்கையோடு மூச்சு வாங்க மேலே ஏறினோம். ராஃப்டையும் துடுப்புகளையும் அந்த ஊர் ஆட்கள் தலையில் சுமந்து, வெறுங்காலோடு எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். மேலே எங்களுக்கு மேஜை போட்டுக் குளிர்ந்த பானம் வைத்திருந்தார்கள். அவர்கள் தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கணவர் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணில பொறந்து வளர்ந்த ஜனம். நம்மள மாதிரியா?" தாய்மாமனின் அதே குரல். நான் பானத்தைக் குடித்தேன்.

பாறை மேலிருந்து வழிகாட்டியின் ஆள் எடுத்த படம் இரண்டு வாரம் கழித்து வந்தது. மஞ்சள் ராஃப்ட், நான், வாயைப் பிளந்துகொண்டு. பின்பக்கத்தில் 'மரம் ஏறினேன்' என்று எழுதினேன். உறையை எடுத்து அவள் பெயரை எழுதினேன். அடுத்து அவள் தகப்பனார் பெயரை எழுத வேண்டும். அது இல்லாமல் அந்தக் குப்பத்தில் கடிதம் போய்ச் சேராது. பேனா நின்றது. மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். அலையில் எப்படிச் சாய வேண்டும், எப்படி விழ வேண்டும், எல்லாம் அந்த மனிதர் சொன்னது. அவர் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "யாருக்கு?"

"காலேஜ் ஃப்ரெண்டு."

"அன்னிக்குக் காபி குடுத்துதே, அந்த வாத்தியார் பொண்ணா?"

படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஆமாங்க," என்றேன்.