காருக்குள்ளிருந்து வந்த யோசனை

தொலைபேசி அடங்கிய வாரத்தில் என் கணவர் பாயசம் வைக்கச் சொன்னார்.

அதற்கு முன் பல மாதங்களாக அது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வேன் வாங்கிய கடன், டீசல் பாக்கி, கிரெடிட் கார்டு, வரி அலுவலகம் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள். ஆக்லாந்தில் அவர் நடத்தி வந்த பார்சல் வேன் தொழில் படுத்துவிட்டது. வேன்களைக் கடன் கொடுத்தவர்களே வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் திவால் மனுப் போட்டார். மனு ஏற்கப்பட்டதும் அத்தனை குரல்களும் அடங்கிவிட்டன.

"பாத்தியா? அண்ணன் சொன்னது அப்படியே நடக்குது பாத்தியா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டார். வெகுநாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். மறுத்துப் பேச மனம் வராமல் சேமியாவை வறுத்தேன்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். வேன்காரர்களும் கார்டுக்காரர்களும் குரைத்தார்கள். மவுண்ட் ரோஸ்கில்லில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கடன் கொடுத்த வங்கி மட்டும் ஒருநாளும் குரைத்ததில்லை. தவணை தவறியபோதெல்லாம் மரியாதையாக ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். இப்போது அதுவும் வரவில்லை. இவர் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அண்ணன் என்று அவர் சொன்னது அமெரிக்காவில் இருக்கும் தன் மூத்த அண்ணனை. எனக்குப் பெரியத்தான். மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் அந்தக் குடும்பத்துக்கு அப்பா ஸ்தானம் அவர்தான். யாருக்குப் பெண் பார்ப்பது, எந்தப் பிள்ளை எதைப் படிப்பது, ஊர் வீட்டுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். நாங்கள் நியூசிலாந்துக்கு வந்ததே அவர் சொல்லித்தான். ஆஸ்திரேலியா வேண்டாம், கூட்டம் ஜாஸ்தி என்றாராம். உலக வரைபடத்தையே ரேஷன் கடை வரிசை மாதிரிப் பார்க்கிற மனுஷன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் வீடியோவில் வருவார். எப்போதும் காருக்குள்தான் உட்கார்ந்திருப்பார். கார் நின்றுகொண்டிருக்கும், பெல்ட் கூடப் போட்டிருக்க மாட்டார். 'அண்ணனுக்கு உக்காரக்கூட நேரமில்லை' என்று இவர் பெருமைப்படுவார். உட்கார்ந்துதானே இருக்கிறார் என்று நான் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அதனால் சொன்னதில்லை.

அந்த அண்ணனும் சில வருடங்களுக்கு முன் அங்கே கடை வைத்து நொடித்துப் போனவர். அவர் சொன்ன கதை எங்கள் வீட்டில் புராணம் மாதிரி ஆகியிருந்தது. வங்கி வீட்டை ஏலம் போடத் தேதி வைத்துவிட்டதாம். பெரியத்தான் திவால் மனுவைப் போட்டாராம். அன்றைக்கே ஏலம் நின்றுபோனதாம்.

"மனுவைப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குடா தம்பி. எவனும் வீட்டுப் பக்கம் வரமுடியாது. தவணையும் கட்டாத. அந்தக் காசைக் கையில வச்சுக்கோ" என்றார்.

"அத்தான், அது அமெரிக்கா. இங்க சட்டம் வேறயா இருக்காதா?" என்று நான் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"திவால்னா எங்கயும் திவால்தாம்மா" என்றார்.

மனுப் போடுவதற்கு முன் எங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அவளைப் பக்கத்திலேயே குடிவைக்க ஆசைப்பட்டார். எங்கள் வேன்கள் போனதை அவரும் பார்த்திருக்கிறார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. வீட்டை விக்கிற யோசனை இருந்தால் முதல்ல எனக்குச் சொல்லுங்கோ. நான் விலையைக் குறைச்சுக் கேக்கமாட்டன்."

அவர் சொன்ன விலைக்கு விற்றிருந்தால் வங்கிக் கடனை அடைத்து, கொஞ்சம் கையிலும் நின்றிருக்கும். எங்கள் மகளின் கடைசி வருடப் படிப்பை யோசிக்காமல் முடித்திருக்கலாம். நான் இவரிடம் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். தட்டை ஓங்கி வைத்தும் சொன்னேன்.

"அவர் நல்ல மனுஷன்தான், ஆனா சமயம் பாத்துக் கேக்குறாரு. வீடுதான் எங்கயும் போகாதுன்னு அண்ணன் சொல்லிட்டாங்கல்ல? அப்புறம் எதுக்கு விக்கணும்?" என்றார். அடுத்த வாரமே மனுவைப் போட்டார்.

திவால் அலுவலகத்திலிருந்து பேசிய அதிகாரி, வீட்டுக்கடன் விஷயத்தைத் தனியாக வங்கியோடு பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் செய்தார். போனின் ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். இவர் தலையை ஆட்டிவிட்டு, "கவர்மென்ட்காரன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார். அண்ணன் சொன்னது வேதம், அதிகாரி சொன்னது வதந்தி.

பாயசம் வைத்துச் சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மழைக் கோட்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார். இவருடைய முழுப்பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டார். பிறகு என் பெயரைச் சொல்லி அதையே கேட்டார். ஆளுக்கொரு தடித்த உறையைக் கையில் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிதான் என்னவோ செய்தது. கெட்ட செய்தி கொண்டு வருகிறவன் அவ்வளவு பணிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடனில் தவறிவிட்டீர்கள், இன்ன தேதிக்குள் பாக்கியை முழுக்கக் கட்டாவிட்டால் வீட்டை விற்கும் உரிமை வங்கிக்கு வந்துவிடும் என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் அதற்கு இருபது வேலை நாள் கொடுத்தாலே போதுமாம்.

"திவாலானவனுக்கு எப்படி நோட்டீஸ் அனுப்புறான்? ஏதோ தப்பு நடந்திருக்கு" என்று இவர் உடனே அண்ணனைக் கூப்பிட்டார். காருக்குள்ளிருந்து பதில் வந்தது. "சும்மா மிரட்டுறான்டா. மனு இருக்கும்போது அவனால ஒரு செங்கலைத் தொடமுடியாது."

இவர் இரண்டு உறைகளையும் ஒரே கட்டாக எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். அதற்கு மேல் அரிசிப் பையை வைத்தார். நான் தினமும் அரிசி எடுக்கும்போது அது அங்கேயே கிடக்கும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு, த்ரீ கிங்ஸ் பக்கம் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற இடத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அங்கே இருந்த வக்கீல் பெண் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். முழுவதும் படித்தாள். திவால் மனு மற்றக் கடன்காரர்களைத்தான் நிறுத்தும், வீட்டை அடமானமாகப் பிடித்திருக்கும் வங்கியை நிறுத்தாது என்றாள். அமெரிக்காவில் மனுப் போட்டதும் ஏலத்தைக்கூடக் கொஞ்ச காலம் நிறுத்திவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே அப்படி எதுவும் கிடையாது என்றாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். இப்போது விற்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மனுப் போடுவதற்கு முன் என்றால் நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கலாம் என்றாள். இப்போது உங்கள் கணவரின் பங்கு திவால் அதிகாரியின் கைக்குப் போய்விட்டது. இனி கணவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அதிகாரி சம்மதிக்க வேண்டும், வங்கி காத்திருக்கச் சம்மதிக்க வேண்டும், உங்களுக்கோ நாள் குறைவாக இருக்கிறது என்றாள்.

வீட்டைக் காப்பாற்ற என்று போட்ட மனு, வீட்டை விற்கிற எங்கள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டோம். ஆழம் பார்த்துச் சொன்னவர் வேறொரு ஆற்றில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகும் முட்டி மோதினேன். அதிகாரிக்கு எழுதினேன், வங்கியின் வக்கீலுக்கு எழுதினேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய் நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"ஐயோ தங்கச்சி. போன கிழமைதான் மகளுக்கு வேற வீட்டுக்கு முற்பணம் கட்டினனான். நீங்கள் விக்கேல்லையெண்டு உங்கட அவர் சொன்னவர்." ஒரே ஒரு வாரம் பிந்திவிட்டேன்.

நோட்டீஸ் தேதி சத்தமில்லாமல் கடந்து போனது. அன்று ஒன்றுமே நடக்கவில்லை. "பாத்தியா?" என்றார் இவர். இரண்டாவது முறை பாயசம் கேட்கவில்லை என்பதுதான் மிச்சம்.

பிறகு கார்கள் வர ஆரம்பித்தன. எங்கள் வீட்டு முன்னால் வேகம் குறையும், உள்ளே இருப்பவர்கள் கூரையிலிருந்து கேட் வரை பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு தம்பதி இறங்கி வந்து வேலியைத் தட்டிப் பார்த்தார்கள். நான் சன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தார்கள். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அன்றிலிருந்து பகலிலும் திரையை மூடித்தான் வைத்தோம்.

மகள்தான் முதலில் இணையத்தில் விற்பனை விளம்பரத்தைப் பார்த்தாள். "மம், திஸ் இஸ் அவர் ஹவுஸ், நம்ம வீடு" என்று போனை நீட்டினாள். தெருவிலிருந்து யாரோ எடுத்த படம். வங்கி விற்கிறது என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கவாட்டில் கொடியில் என் பூப்போட்ட நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஊரே பார்க்கப் போகிறது என்று தெரிந்திருந்தால் நல்ல சேலையாகக் காயப் போட்டிருப்பேன் என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஏலத்துக்கு இவர் வரவில்லை. தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். நாற்காலிகள், காபி, தட்டில் பிஸ்கட். ஏல வரிசையில் எங்கள் வீடு ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவில் வந்தது. சுத்தியல் விழுந்து, வாங்கியவன் எழுந்து கையெழுத்துப் போடப் போனான். நான் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"நான் கதைச்ச விலையிலும் குறைவு, தங்கச்சி" என்றார் அவர் மெதுவாக. கடன் போகக் கையில் எதுவும் நிற்கவில்லை. துண்டு விழுந்தது. அது இருவர் பெயரிலும் வாங்கிய கடன், ஆனால் திவாலானது ஒருவர்தான். அதனால் அந்தத் துண்டு என் தலையில் வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியத்தான் வழக்கம்போல வந்தார். இவர் எடுத்தார். நான் போனை வாங்கினேன்.

"அத்தான், வீடு போயிடுச்சு. உங்களுக்கு நின்ன ஏலம் எங்களுக்கு நிக்கல. உங்க வீட்டையாவது ஒருதடவை பாக்குறோம். கார விட்டு இறங்கிக் காட்டுங்க."

அவர் திரையைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"இறங்கினா அபார்ட்மென்ட்தாம்மா" என்றார். "ஏலம் நின்னது நிஜம். சில மாசம் நின்னுது. அப்புறம் ஏலத்துக்குக் கோர்ட்டே அனுமதி குடுத்துடுச்சு. அம்மாவுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லல."

வாடகை வீட்டின் சுவர் தெரியக்கூடாது என்று இத்தனை வருடம் காருக்குள் உட்கார்ந்து பேசியிருக்கிறார். பாதிக் கதையை முழுக் கதையாகச் சொன்னார், அதை நம்பித் தம்பி தன் வீட்டைப் பறிகொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியவில்லை.

இப்போது நாங்கள் ஏவன்டேலில் வாடகைக்கு இருக்கிறோம். ரயில் போகும்போது பாத்திரங்கள் லேசாக அதிரும். மாமியாரிடம் வீடு போனதை இன்னும் சொல்லவில்லை. அவர் கூப்பிட்டால் இவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார். முதல் சில வாரம் எங்கே போகிறார் என்று நான் கவனிக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, சந்தையில் வாங்கிய கீரையோடு திரும்பி வந்தேன். வாசலில் எங்கள் கார் நின்றது. உள்ளே இவர் இருந்தார். இஞ்சின் ஓடவில்லை, பெல்ட் போடவில்லை. போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மெல்பர்னில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன். அவனுக்கும் வீட்டுத் தவணை தவறிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. "பயப்படாதடா தம்பி. நானும் எல்லாம் பாத்துட்டுத்தானே வந்திருக்கேன்? எங்க வீடெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கீரையைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். திரையில் அந்தப் பையன் சிரித்து, "அண்ணி, எப்படி இருக்கீங்க?" என்றான்.

"எங்க வீடு போயிடுச்சுப்பா. ஏலத்துல போயிடுச்சு. நீ எங்க யார் பேச்சையும் கேக்காத. நாளைக்கே உங்க ஊர் வக்கீல் ஒருத்தரப் போய்ப் பாரு" என்றேன்.

இவர் என்னைத் தடுக்கவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, எங்கேயோ கிளம்பப் போகிறவர் மாதிரி முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.