ஏலத்தில் எடுத்த கெட்டவன்

அறுப்பின் பண்டிகை ஏலம் முடிகிற நேரத்தில் ஆலய முற்றத்துப் பந்தலில் இருந்தவர்கள் ஆறு பேர்: போதகர், ஏலம் கூறிய சபைச் செயலாளர், கணக்கு எழுதிய அவருடைய தம்பி, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், என் மகள், நான். மழை இருட்டியதும் மற்றவர்கள் ஏலத்தில் எடுத்த பலாப்பழத்தையும் கோழியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேசையில் மிஞ்சியிருந்தது, ஏலத்துக்கென்று என் மகள் காணிக்கையாக வைத்த புத்தகம். பிளஸ் டூ லீவில் அவளே எழுதி, குழித்துறையில் பிரின்ட் எடுத்துக் கட்டிய கதை. ஒரே பிரதி. டீச்சர் வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நேரே கொண்டுகொடுக்கக் கூச்சம். ஏலத்தில் அவர்தான் எடுப்பார் என்று நம்பினாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்று, அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்பு தோலுரிக்கப் போனவள். ஆனாலும் எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்திருந்தேன். மந்திரசக்தியோடு பிறந்த பையனின் கதை. அவன் அம்மாவுக்கு ஆற்றைக் கண்டால் பயம். அவனைத் தன் சடையோடு கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். ஆறு உன்னை விழுங்கக் காத்திருக்கிறது என்று தினமும் சொல்வாள். வளர்ந்ததும் அவன் செய்யும் முதல் காரியம், ஆற்றை வற்றவைப்பது. நாடே தாகத்தில் சாகும்.

“இவன் எதுக்கு மக்களே இப்படிக் கெட்டுப்போனான்?” என்று அவளிடம் கேட்டேன்.

“கெட்டவன் இல்லம்மா, பயந்தவன். பயத்தைத் தவிர அவனுக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல்ல.”

அவள் சின்னவளாக இருந்தபோது, அவள் பாவாடையை என் முந்தானையில் முடிந்துகொண்டுதான் நான் தூங்குவேன். திற்பரப்பு அருவிக்கு டூர் போகவும் விட்டதில்லை. சபையில் இது தெரியாத ஆள் இல்லை. டீச்சர் ஒரு பக்கம் வாசித்தால் போதும், அந்த அம்மா யாரென்று தெரிந்துவிடும்.

டீச்சர் ஐந்நூறு என்றார். நான் அறுநூறு என்றேன். அவர் ஆயிரம். நான் ஆயிரத்து இருநூறு.

செயலாளர் எனக்கு மாமா முறை. “ஏட்டி, கோழிக்கு அம்பது ரூவா கூட்டிக் கேக்கமாட்ட. மகளுக்க புக்குன்னதும் கை தாராளமாயிட்டோ!” என்று சிரித்தார். போதகரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

நாலாயிரத்து ஐந்நூறு என்று நான் சொன்னதும் டீச்சர் கையை விரித்தார். “நீயே வச்சுக்க மக்கா. எனக்க பென்ஷன் தாங்காது.”

மூன்று தரம் கூறி என் கையில் தந்தார்கள். முந்தானைக்குள் பொதிந்துகொண்டேன்.

போகிற வழியில் மகள் கேட்டாள்: “அந்தப் பையன் ஏறிப் போயிரப்பிடாதுன்னு, கரையில கெடந்த வள்ளத்தையெல்லாம் அவனுக்க அம்மா விலைக்கு வாங்குவால்லா? வாசிச்சேல்லா?”

“மக்களே, நாலுபேரு வாசிச்சா…”

“சரிம்மா.”

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை. மறுநாள் காலையில், டீச்சரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். “வேண்டாம். ஃபோன்ல கெடந்ததையும் அழிச்சாச்சு” என்றாள்.

இப்போது கல்லூரிக்குப் போகிறாள். எழுதுவதில்லை. பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் அவளே கூப்பிட்டு, “பயப்படாத, வாறேன்” என்கிறாள். டூருக்கு நான் தடுக்கவேண்டிய அவசியம் இல்லை. அவளே பேர் கொடுப்பதில்லை. பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறாளாம். கூடப் படிக்கும் பெண் வேடிக்கையாகச் சொன்னாள்.

புத்தகம் என் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. கூலியில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆலயத்தில் கட்டிவருகிறேன். ஏலப்பணத்தில் இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.